எடைக்கல்லின் தம்பி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். யார் தலையில் என்று மட்டும் கேட்கக் கூடாது. சில இடங்களை நம்பச் சிரமமாக இருக்கும். அந்த இடங்கள்தான் மற்றவற்றைவிடக் கூடுதல் உண்மை. நம்பும்படியாக இருக்கிற இடங்களில் வேண்டுமானால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

அண்ணனும் தம்பியும் தராசு பழுதுபார்ப்பவர்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பகலிலும் விளக்குப் போட்டுவைக்க வேண்டிய ஒரு சந்தில் அவர்களுடைய கடை. நீளமான, குறுகலான அறை. சுவர் முழுக்கத் தொங்கு தராசுகள், மேசைமேல் வயிற்றைத் திறந்துபோட்ட கடைத்தராசுகள், தரையில் இரும்புத் தூளும் எண்ணெயும் குழைந்த ஒரு கறுப்பு. கடைசியில், சுவரோடு ஒட்டி, ஆள் ஏறி நிற்கிற மேடைத் தராசு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்ட முகமும் அதில் ஒற்றை முள்ளும் உள்ள பழைய சாமான். அந்த முகத்தில் ஓர் இடத்தில் தம்பி சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தான். அதுதான் அண்ணனின் எடை.

அண்ணனின் எடை மாறுவதில்லை. வயிறு முட்டத் தின்றாலும் முள் சிவப்புக் கோட்டில்தான் நிற்கும். காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தாலும் அங்கேதான். மழையில் நனைந்து வந்து ஏறினால் மட்டும் கோட்டின் மேல் விளிம்பைத் தொடும், தலையைத் துவட்டியதும் இறங்கிவிடும். அதனால் கடையில் ஒரு வழக்கம் ஏற்பட்டுப்போனது. பழுதுபார்த்த மேடைத் தராசு எதுவானாலும் அண்ணன் ஏறி நிற்பார். தம்பி பக்கத்துத் திருகைத் திருப்பி முள்ளை அவருடைய எடைக்குக் கொண்டுவருவான். தராசு வெளியே போகும். இரும்பு எடைக்கற்கள் மூலையில் சாக்குக்கு அடியில் தூங்கின.

"அதைத் தூக்கி வச்சா முதுகு பிடிச்சுக்குது. இவர்னா தானா ஏறிக்குவாரு, தானா இறங்கிக்குவாரு" என்பான் தம்பி.

வாடிக்கைக்காரர்களும் "எடைக்கல் ஏறி நின்னாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்குவார்கள். எடைக்கல் என்பதே அண்ணனுக்குப் பெயராகிவிட்டது. ஒருமுறை எடை அளவு ஆய்வாளர் தம்முடைய முத்திரைக் கற்களோடு சோதனைக்கு வந்தார். அண்ணனை ஏற்றி இறக்கி, கற்களை ஏற்றி இறக்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் தம் கற்களைத்தான் திருத்தத்துக்கு அனுப்பினார்.

அந்த மாறாத உடம்புக்குள் எச்.ஐ.வி. இருந்தது.

மீசை சரியாக முளைக்காத வயதிலேயே வந்தது. எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு அண்ணன் ஆளுக்கொரு கதை சொன்னார். ஒருவரிடம் கப்பல் வேலைக்குப் போன கதை. இன்னொருவரிடம் பச்சை குத்திக்கொண்ட கதை, பச்சையைக் காட்டு என்றால் காட்டுகிற இடத்தில் இல்லை என்பார். நடந்தது என்னவோ மிகச் சாதாரணம். கேட்பவர் முகம் வாடிப்போகும் என்பதால் அதைச் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் சரியான மருந்து கிடையாது. பரிசோதித்த டாக்டர் அவருக்குக் கெடு வைத்தார். கெடு தாண்டியது. பிறகு அந்த டாக்டரே போய்ச் சேர்ந்தார். அண்ணன் சாவு வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். மருத்துவமனை வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு உண்டு. முதலில் அதில் ஓரத்தில் தொடையை ஒட்டவைத்துத்தான் உட்கார முடியும். வருஷம் போகப் போக அண்ணனுக்கு இடம் தாராளமாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் கிடைத்தபோது, அவர் எழுந்து வந்துவிட்டார். அதன்பின் வெகு காலம் அந்த வராந்தா பக்கம் அவர் போகவில்லை.

ஒரே ஒரு பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார். எதிரே இருந்த டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்தது. கல்யாணப் பேச்சும் அத்தோடு முடிந்தது.

மாத்திரைகள் வந்து, மற்றவர்களும் பிழைக்கத் தொடங்கிய காலத்தில், ஆராய்ச்சி செய்கிற ஒரு டாக்டரம்மா எப்படியோ இவரைக் கண்டுபிடித்து, ரத்தம் எடுத்து, ஜீன்களைப் பார்த்து, ஒருநாள் எதிரே உட்காரவைத்து விளக்கினார்.

"உங்க உடம்புல ஒவ்வொரு செல்லும் வாசல்ல கொக்கி மாட்டி வச்சிருக்கு. உள்ள என்ன சரக்கு இருக்கோ அதுல ஒரு துண்டை எடுத்து வெளிய தொங்கவிடும். காவல் செல்லுங்க ரோந்து வரும்போது அந்தத் துண்டைப் பாக்கும். நம்ம வீட்டுச் சரக்குன்னா பேசாம போயிடும். வைரஸ் துண்டுன்னா அந்தச் செல்லையே அழிச்சிடும்."

"நல்ல ஏற்பாடுதான்" என்றார் அண்ணன். "அப்புறம் ஏன் எல்லாரும் செத்தாங்க?"

"இந்த வைரஸ் வேஷம் மாத்திக்கிட்டே இருக்கும். இன்னைக்குத் தொங்கின துண்டு நாளைக்கு வேற மாதிரி இருக்கும், காவலுக்கு அடையாளம் தெரியாது. ஆனா கொக்கி ஆளுக்கு ஆள் வேற வடிவம். அதைத் தீர்மானிக்கிறது ஜீன். உங்களுக்கு வாய்ச்ச கொக்கியில ஒண்ணு, வைரஸோட முதுகெலும்பு மாதிரி ஒரு துண்டைப் பிடிக்குது. அதை மாத்திக்கிட்டா வைரஸ் நொண்டியாயிடும். மாத்தலைன்னா மாட்டிக்கும்."

"அப்ப அது எனக்குள்ள சாகவும் இல்ல, வாழவும் இல்ல."

"அப்படியும் சொல்லலாம்."

"பாவம். என்னை மாதிரியேதான் அதுவும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நீங்களும் மாத்திரை சாப்பிடுவது நல்லது, கொக்கி நோயை மெதுவாக்குமே தவிர விரட்டாது என்றார். அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன் என்று அண்ணன் எழுந்து வந்துவிட்டார். வந்ததும் தம்பியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். சந்து முழுக்கத் தம்பி அதைச் சொன்னான். "எங்க ரத்தத்துல கொக்கி இருக்கு" என்று சொன்னான். "எங்க அண்ணன் ரத்தத்துல" என்று சொல்லவில்லை. அப்போதே யாராவது அதைக் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு ரத்ததான முகாமில் தம்பி ரத்தம் கொடுத்தான். மறுவாரம் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

தம்பியின் மனைவி சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். அவளையும் பரிசோதித்தார்கள், அவளுக்கு இல்லை. அவள் கொஞ்ச நாள் வாயே திறக்கவில்லை. திறந்தபோது ஒரேயொரு விஷயம்தான் பேசினாள்.

"எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா நீ சொல்லுவ, அப்புறம் அதை நான் வச்சுக்கிட்டு அழணும். மாத்திரையை முழுங்கு. அது போதும்."

"எனக்கு எதுக்குடி மாத்திரை?" என்றான் தம்பி, பக்கத்தில் இருந்த அண்ணனைக் காட்டி. "இவரு முழுங்கினாரா? இத்தனை வருஷமா குத்துக்கல்லாட்டம் நிக்கல? அவரு ரத்தம்தானே எனக்கும்."

"டேய், அவங்க கொடுத்தா வாங்கிச் சாப்பிடுடா" என்றார் அண்ணன்.

"நீ சாப்பிட்டியா?"

"என் கதை வேற."

"எப்படிண்ணே வேற? ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே சட்டையை மாத்தி மாத்திப் போட்டோம். உனக்கு வழுக்கை விழுந்த அதே இடத்துல எனக்கும் விழுந்துச்சு. வழுக்கையெல்லாம் குடுப்ப, கொக்கி மட்டும் குடுக்க மாட்டியா?"

அண்ணன் தம்பியைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"அம்மாகிட்ட ரெண்டு செட் கொக்கி இருக்கும், ஒண்ணு குடுப்பாங்க. அப்பாகிட்ட ரெண்டு செட், அவரும் ஒண்ணு குடுப்பாரு. கூடப்பிறந்தவங்கள்ல நாலுல ஒரு தடவை எல்லாம் அச்சா ஒண்ணா இருக்கும். நாலுல ஒரு தடவை ஒண்ணுகூட ஒத்துப்போகாது. மிச்சப் பேருக்குப் பாதி. இதுல நீங்க எங்க இருக்கீங்கன்னு பாத்தாதான் தெரியும். ஆனா அதுக்காகக் காத்திருக்கக் கூடாது. மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிக்கணும்."

"பாருங்க, பாருங்க" என்று தம்பி சந்தோஷமாகக் கையை நீட்டினான். ரத்தம் எடுத்தார்கள். ஒருவர் முடிவை மற்றவரிடம் சொல்லலாம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து பதில் வர மாதக் கணக்கில் ஆகும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை டப்பாவைத் தம்பி வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டு வந்து, கடையில் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்த ஒரு மேசையின் காலுக்கு அடியில் வைத்தான். மேசை ஆடவில்லை.

"ரிசல்ட் வரட்டும்ணே. அவசரம் என்ன?"

அண்ணனுக்கு அன்று ஒன்று தெளிவாகப் புரிந்தது. தம்பி நம்பிக்கொண்டிருப்பது வைரஸை அல்ல, டாக்டரை அல்ல, கடவுளை அல்ல. அந்தச் சிவப்புக் கோட்டை. அண்ணன் நன்றாக இருக்கிற வரைக்கும் தம்பி மாத்திரையைத் தொடமாட்டான். ஆகவே அண்ணன் நோயாளி ஆவது என்று முடிவு செய்தார்.

எடுத்த காரியத்தில் அவர் அரைகுறை கிடையாது. முதலில் டாக்டரம்மாவிடம் போய்த் தமக்கும் மாத்திரை வாங்கி, தினமும் காலையில் தம்பி பார்க்கும்படி, தொண்டை ஏறி இறங்க, முழுங்கிக் காட்டினார். டாக்டரம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்ததாகச் சாப்பாட்டை நிறுத்தினார். தம்பி வீட்டிலிருந்து வரும் டிபன் கேரியரில் தம் பங்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவார், அங்கே சந்து நாய் காத்திருக்கும். அந்த நாய் வெகு சீக்கிரத்தில் கன்றுக்குட்டி மாதிரி ஆகி, பேருந்து நிலையத்தில் ஆட்கள் அதைப் பார்த்து வழிவிடத் தொடங்கினார்கள். மூன்றாவதாக இருமல். இருமலில் அவர் தேர்ச்சி பெறக் கொஞ்ச நாள் ஆனது. ஆரம்பத்தில் சிரிப்பு மாதிரி கேட்டது.

வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணனின் எடை இறங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை அவர் மேடைத் தராசில் ஏறி நின்றார். முள் கிளம்பி, சிவப்புக் கோட்டை நோக்கி வந்து, கோட்டுக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிட்டது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தம்பி முகத்தைப் பார்த்தார்.

தம்பி குனிந்து முள்ளைப் பார்த்தான். கண்ணாடியை விரலால் தட்டினான்.

"தராசு கெட்டுப்போச்சுண்ணே" என்றான். திருகைத் திருப்பினான். முள் ஊர்ந்து வந்து சிவப்புக் கோட்டில் உட்கார்ந்தது. "இப்ப சரி. இறங்கு."

அண்ணன் இறங்கினார். தம்பி ஏறினான். தன் எடையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். "நான் அப்படியே இருக்கேன் பாரு. நீ ஏன் மூஞ்சியைத் தொங்கப்போடற?"

அண்ணன் இன்னும் கடுமையாகப் பட்டினி கிடந்தார். தம்பி இன்னும் கொஞ்சம் திருகினான். பழைய தராசு, ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு என்று வருவோர் போவோரிடம் சொன்னான். அதோடு விட்டால் பரவாயில்லை. கடையிலிருந்து பழுதுபார்த்துப் போன ஒவ்வொரு தராசிலும் அண்ணன் ஏறி நின்றார், ஒவ்வொன்றையும் தம்பி அவருக்காகத் திருப்பினான். ஊரில் எல்லாமே கனம் கூடியது. உருளைக்கிழங்கு மூட்டைகள் எடை ஏறின, வாங்கினவர்கள் வீட்டில் பானை நிறையவில்லை. விமானத்துக்குப் போனவர்கள் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து உடம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள். ஒரு குத்துச்சண்டை வீரர் ஒரு வாய்கூடக் கூடுதலாகத் தின்னாமல் அடுத்த எடைப் பிரிவுக்குத் தள்ளப்பட்டு, அங்கே மூக்கை உடைத்துக்கொண்டார். குழந்தைகள் மையத்தில் நோஞ்சான் குழந்தைகளெல்லாம் ஒரே மாதத்தில் தேறிவிட்டதாக நர்ஸ்கள் இனிப்பு பரிமாறிக்கொண்டார்கள்.

இவ்வளவும் நடந்தது. அண்ணன் அதையெல்லாம் கேள்விப்படவில்லை. அவர் பசி மயக்கத்தில் இருந்தார்.

ஒரு மத்தியானம் தம்பியின் மனைவி கேரியரோடு கடைக்கு வந்தாள். தம்பி வெளியே போயிருந்தான். அவள் கேரியரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"உங்க வேட்டி, சட்டை, அவரு பேன்ட்டு, எல்லாம் என் கையிலதான் இஸ்திரி ஆவுது. உங்க சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சு. நாய் சாப்பிடுறது எனக்குத் தெரியும். அதைக் கேக்க வரல." அவள் பையிலிருந்து ஒரு பேன்ட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள். இடுப்பில் ஊசி போட்ட தழும்பு வரிசையாக மூன்று. "இவரு பேன்ட்டை மூணாவது தடவையா பிடிச்சுத் தைச்சிருக்கேன். நான் எடை குறையுதுன்னா, தராசைப் பாருடிங்கறாரு. தராசு அப்படியே காட்டுது. எந்தத் தராசு மாமா அது?"

அண்ணன் பேன்ட்டைப் பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். எழுந்துபோய் மூலையிலிருந்த சாக்கை விலக்கி, இரும்புக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மேடையில் வைத்தார். கற்கள் தம் எடையைவிட வெகு அதிகமாகக் காட்டின. அவர் மெலிய மெலிய, தராசு எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் தின்னாமல் விட்டதெல்லாம் தம்பியின் எடையில் போய்ச் சேர்ந்திருந்தது. தம்பி உருகுவதை, அண்ணனே பட்டினி கிடந்து மறைத்திருந்தார்.

"நான் என்னம்மா பண்ணிட்டேன்" என்றார்.

அவள் பேன்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நீங்க சாப்பிடுங்க மாமா. ஆறிடப்போகுது."

தம்பி வந்ததும் அண்ணன் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். நாயைக் காட்டினார், கற்களைக் காட்டினார், தம்பியை ஏற்றி நிறுத்தி உண்மையான எடையைக் காட்டினார். தம்பி முள்ளை நெடுநேரம் பார்த்தான்.

"அப்ப நீ நெசமாவே இளைச்சுட்ட."

"பட்டினி கிடந்தேன்டா."

"பொய் சொல்லாத. நாய்க்கு ஒரு வாய் போட்டா ஆள் இளைப்பானா? உன்னைப் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். மாத்திரையைத் தொட்ட நாள்லேர்ந்து நீ சரியில்ல. அதுவரைக்கும் கல்லு மாதிரி இருந்த. அந்தக் கருமத்தை முழுங்கினதும் இருமல் வந்துச்சு, எடை போச்சு. அதையே என்னையும் முழுங்கச் சொல்ற."

"இருமல் சும்மா இருமினது."

"எங்க, இப்ப சும்மா இருமு."

அண்ணன் இருமினார். பழக்கதோஷத்தில் அது பிரமாதமாக வந்தது. கண்ணில் நீர்கூட வந்தது. தம்பி அவர் முதுகைத் தடவிவிட்டான்.

"போதும்ணே. உக்காரு. தண்ணி குடி" என்றான்.

அதற்குப் பிறகு இரும்புக் கற்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் ஊர் முழுக்கச் சுற்றினார். முதலில் குழந்தைகள் மையம். அங்கே தராசைச் சரிசெய்தபோது நர்ஸ் ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவர் ஒவ்வொரு கடையாகப் போய்த் திருகுகளைத் திருப்பி, எல்லோருடைய திட்டுகளையும் வாங்கிக்கொண்டு திரும்பினார். ஊரின் எடை பழையபடி ஆனது. தம்பியின் எடையை மட்டும் எந்தத் திருகாலும் திருப்ப முடியவில்லை.

தம்பிக்கு இருமல் வந்தது. இது யாரும் பழகிக்கொண்ட இருமல் இல்லை. சாயங்காலமானால் காய்ச்சல். வாய்க்குள் வெள்ளை படர்ந்து, டீயைக்கூட முகம் சுளித்து விழுங்கினான். ஸ்க்ரூடிரைவர் பிடித்தால் கை நடுங்கியது. "தூசி ஒத்துக்கல" என்பான். டாக்டரம்மா இரண்டு தடவை ஆள் விட்டுக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை தானே போன் செய்து, இப்போதே வந்தால் காப்பாற்றலாம், இன்னும் தள்ளிப்போட்டால் எதையும் சொல்ல முடியாது என்று அண்ணனிடம் சொன்னார். ஜீன் சோதனை என்னவாயிற்று என்று அண்ணன் கேட்டார். இன்னும் வரவில்லை, அதை எதற்கு இப்போது கேட்கிறீர்கள், அது எப்படி வந்தாலும் மாத்திரை வேண்டும், கொக்கி ஒன்றேயானாலும் அவருக்கு ஒட்டியது அதில் மாட்டாத வேஷத்து வைரஸாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும். தெரியாதது தம்பிக்குத்தான்.

அன்று மழை. வாடிக்கைக்காரர் யாரும் வரவில்லை. தம்பி எண்ணெய்த் துணியால் வாயைத் துடைத்து, துடைத்த இடத்தைப் பார்க்காமல் மடித்து, பெஞ்சுக்கு அடியில் போட்டான். அண்ணன் பார்த்தார். துணி சிவந்திருந்தது.

"ரிசல்ட் வந்திருச்சு" என்றார் அண்ணன்.

தம்பி நிமிர்ந்தான். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை அண்ணன் அதற்குமுன் பார்த்ததில்லை.

"என்ன சொல்றாங்க?"

"உனக்கு அந்தக் கொக்கி இல்ல."

"சரி. பாதி ஒத்துப்போகுதுல்ல?"

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"ஒண்ணுமே ஒத்துப்போகல. ஒண்ணுகூட."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தம்பி கையை விரித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அதெப்படிண்ணே? ஒரே அம்மா, ஒரே அப்பான்னா ஏதாவது ஒண்ணு இருக்கணும்ல?"

நாலுல ஒரு தடவை அப்படியும் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னதை அண்ணன் ஞாபகப்படுத்தியிருக்கலாம். ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய விஷயம். வாயைத் திறக்கவும் செய்தார். ஆனால் தம்பியின் கண் அப்போது மேசைக் காலுக்கு அடியிலிருந்த டப்பாவின்மேல் போயிருந்தது. முதல் தடவையாகப் போயிருந்தது. அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

"அம்மா..." என்றான் தம்பி. மேலே சொல்லவில்லை. இறந்துபோன மனுஷி. படத்தில்கூட நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நிற்பவள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

அண்ணன் பேசவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அதற்கும் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்கள் ஏராளம்; கப்பல், பச்சை, நாய், இருமல். பேசாமல் இருந்து சொன்ன பொய் இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும்விட இது சுலபமாக இருந்தது.

தம்பி எழுந்தான். குனிய முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, டப்பாவை உருவினான். மேசை ஆடியது. மேலே இருந்த தராசுத் தட்டு ஒன்று உருண்டு விழுந்து, சத்தம் அடங்க வெகு நேரமானது. அவன் ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீரில்லாமல் விழுங்கினான்.

"இதைச் சாப்பிடுறேன்" என்றான். "நம்பி இருக்க எனக்கு வேற ஆள் இல்ல, அதனால சாப்பிடுறேன். இனிமே என்னைத் தம்பின்னு கூப்பிடாதீங்க சார்."

சார் என்று சொன்னதை அவன் கோபத்தில் சொல்லவில்லை. வாடிக்கைக்காரரிடம் சொல்வதுபோல, மரியாதையாகத்தான் சொன்னான்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். நுரையீரலில் காசநோய். இரண்டு நோய்க்கும் மருந்து, இரண்டுக்கும் வாந்தி. அவன் மனைவி சலவை நிலையத்தில் பாதி நாள் வேலை பார்த்து, மீதி நாள் அவன் பக்கத்தில் இருந்தாள். அண்ணன் தினமும் வார்டு வாசல்வரை போவார். உள்ளே விடச் சொல்லிக் கேட்டால், "சார் வேண்டாம்னு சொல்லிடும்மா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். குரல் நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டு வந்தது. அது அண்ணனுக்குப் போதுமாக இருந்தது. போதாமலும் இருந்தது.

பிழைத்துவிட்டான். ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போனது, மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்பான், ஆனால் பிழைத்துவிட்டான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஊரின் அந்தக் கோடியில் தனியாக ஒரு கடை போட்டான். புதிய இரும்புக் கற்கள் வாங்கினான். முதுகு பிடித்தாலும் அவற்றைத் தானே தூக்கி வைத்தான். டாக்டரம்மாவையும் மாற்றிக்கொண்டு, அந்தப் பக்கத்து மருத்துவமனையில் மாத்திரை வாங்கினான். அம்மாவின் படத்தை மட்டும் எடுத்துப்போகவில்லை. அது பழைய கடையில், யாரையும் நேராகப் பார்க்காமல் தொங்கியது.

தம்பியின் மனைவி மாதம் ஒருமுறை கேரியரோடு வந்து எட்டிப் பார்ப்பாள். ரிசல்ட் வரவே இல்லை என்பதை அவளிடம் மட்டும் அண்ணன் சொல்லியிருந்தார். "மாத்திரையைத் தப்பாம போடுறாரு மாமா. எடை ஏறிடுச்சு. பேன்ட்டைப் பிரிச்சுவிட்டுட்டேன்" என்பாள்.

"என்னைப் பத்தி ஏதாவது?"

"உங்க பேரே எடுக்கறதில்ல." பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "போன வாரம் தூக்கத்துல அண்ணேன்னு கூப்பிட்டாரு. முழிச்சதும் இல்லைன்னு சாதிச்சாரு" என்றாள்.

"நீ சொல்லாதம்மா. மறந்துட்டான்னே இருக்கட்டும்."

"உண்மையைச் சொல்லிட்டா என்ன மாமா? இப்பத்தான் தேறிட்டாரே."

"சொன்னா நிறுத்திடுவான். நம்ம ரத்தம்தான், நமக்கு எதுக்குன்னு நிறுத்திடுவான். அவனை எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன். "அவன் உயிரோட இருக்கணும்னா நான் அவனுக்கு யாரோவா இருக்கணும். அவ்வளவுதான் கணக்கு."

அவள் கேரியரை எடுத்துக்கொண்டு போனாள்.

மாரிக்காலம் முடிந்து, வெயில் ஏறிய ஒரு காலை, டாக்டரம்மா அண்ணனை வரச்சொல்லி அனுப்பினார். அண்ணன் இப்போதும் மாத்திரையை விடவில்லை. நடிப்புக்குத் தொடங்கியது, நிறுத்தச் சோம்பல். அவருடைய எடையும் திரும்ப வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது, ஆனால் பழைய இடத்தில் இல்லை. இப்போது யாரும் அவரை எடைக்கல் என்று கூப்பிடுவதில்லை.

"ரொம்ப தாமதமாயிடுச்சு, மன்னிக்கணும். உங்க தம்பியோட ஜீன் ரிசல்ட் வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "உங்ககிட்ட சொல்லலாம்னு அவர் கையெழுத்துப் போட்டிருக்கார். சொல்லவா?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்துகொண்டார்.

"வேண்டாம் டாக்டரம்மா."

"ஏன்? அவ்வளவு அவசரப்பட்டீங்களே."

"நாலுல ஒரு தடவை ஒண்ணுமே ஒத்துப்போகாதுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"அப்ப நான் அவன்கிட்ட சொன்னது பொய்யா இல்லாம இருக்க நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. கால்வாசி யோக்கியன். இந்த வயசுல அது எனக்குப் பெருசு. நீங்க சொல்லிட்டா அதுவும் போயிடலாம்."

டாக்டரம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கும்பிட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தார். பெஞ்சில் புது ஆட்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அண்ணன் உட்கார்ந்து, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, எழுந்து வெயிலில் இறங்கிப் போனார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் எல்லாக் கொக்கிகளும் அச்சாக ஒன்றேதான்.